ஜெர்ரி கார்சியா டோன்: வால்யூமைக் குறைத்தால் ஃபில்டர் செத்துப்போகிறது, என்ன வழி?

ஆறுதந்தி கேட்டது:

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவைக் கேட்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1977 மே மாதக் கச்சேரிகளில், முக்கியமாக மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழக பார்ட்டன் ஹாலில், குழுவின் கிட்டாரிஸ்ட் ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் ஒலிக்கிற அந்த விதம்தான் வேண்டும். சத்தம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் மெலிசாக இல்லை. எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒவ்வொரு சுரமும் தனியாகக் காதில் விழுகிறது. இரண்டாம் செட்டில் 'ஃபயர் ஆன் த மவுன்டன்' வந்ததும் அந்த 'வ்வாவ்' சத்தம் ஆரம்பிக்கிறது. வாசிப்பு மெதுவாகும்போதும் அது காணாமல் போவதில்லை.

கையில் இருப்பவை: மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் ஒற்றைக் காந்தச்சுருள்) உள்ள ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட்டார், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுள்ள ட்யூப் ஆம்ப், அந்த 'வ்வாவ்' சத்தம் தரும், மியூ-ட்ரான் III மாதிரியில் செய்த என்வலப் ஃபில்டர் பெடல்.

சிக்கல்கள் இவை. கிட்டார் வால்யூமை 6-க்குக் கீழே இறக்கினால் ஃபில்டர் வேலை செய்வதே இல்லை. 10-ல் வைத்தால் எல்லா சுரத்துக்கும் ஒரே மாதிரி கத்துகிறது. பிரிட்ஜ் பிக்கப் காதைக் கிழிக்கிறது, நெக் பிக்கப் மந்தமாக இருக்கிறது. சோலோ வாசித்தால் ஸ்கேல் ஒப்பிப்பது போலவே வருகிறது. கார்சியாவின் உல்ஃப் கிட்டாரின் சத்தத்துக்கு ஸ்ட்ராட்டை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும்? எந்தெந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டு காதைப் பழக்குவது?

---

ஈயப்புகை எழுதியது:

முதல் கேள்விக்குக் காரணம் எளிசு. என்வலப் ஃபில்டர், உள்ளே வர்ற சிக்னல் எவ்வளவு பெரிசுன்னு பார்த்துத்தான் திறக்கும். சாதாரண கிட்டார்ல வால்யூம் பாட் (திருகுக் குமிழ்) பெடலுக்கு முன்னாடி இருக்கு. நீங்க வால்யூமைக் குறைச்சா ஃபில்டருக்குப் போற சிக்னலும் சேர்ந்து குறையுது, அது திறக்கிற அளவை எட்டவே மாட்டேங்குது. அதுக்காக பெடல்ல சென்சிட்டிவிட்டியை ஏத்தினா, கிட்டாரை 10-க்குக் கொண்டு போன உடனே லேசா தொட்டாலே முழுசாத் திறந்துடும். எந்த செட்டிங் போட்டாலும் இது தீராது, ஏன்னா வால்யூம் இருக்கிற இடமே தப்பு.

கார்சியா 70-களின் பிற்பாதியிலிருந்து இதைக் கிட்டாருக்குள்ளேயே தீர்த்துக்கிட்டார். பிக்கப், செலக்டர், டோன் பாட் எல்லாம் தாண்டின சிக்னல், வால்யூமுக்குப் போகாம முதல்ல கிட்டாரை விட்டு வெளியே பெடல்களுக்குப் போகும். பெடல்லேர்ந்து அதே கேபிள் வழியா கிட்டாருக்குத் திரும்பி வந்து, அப்புறம்தான் வால்யூம் பாட், அங்கேர்ந்து ஆம்ப். ரசிகர்கள் இதை ஓபெல்னு சொல்வாங்க, ஆன்போர்டு எஃபெக்ட்ஸ் லூப். அவரோட டைகர் கிட்டார் படத்தைப் பாருங்க, ரெண்டு ஜாக் இருக்கும். ஒண்ணு பெடலுக்குப் போயிட்டு வர்ற ஸ்டீரியோ, இன்னொண்ணு ஆம்புக்குப் போற மோனோ. ஃபில்டர் எப்பவும் முழு சிக்னலைப் பார்க்குது. கார்சியா சுண்டுவிரலால வால்யூமை 3-க்கு இறக்கினாலும் 'வ்வாவ்' அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் சின்னதாகும். நீங்க கேட்ட அந்தக் கட்டுப்பாடு இதுதான்.

ஸ்ட்ராட்ல இதைச் செய்யத் தேவையானது: ஸ்டீரியோ ஜாக் 2, புஷ்-புல் பாட் 1 (250கே, இழுத்தா மாறுற டிபிடிடி சுவிட்ச் இதுல சேர்ந்தே இருக்கும், புதுசா ஓட்டை போட வேண்டாம்), 25கே ஆடியோ டேப்பர் பாட் 1, டிஎல்071 ஐசி ஒண்ணு, 9 வோல்ட் பேட்டரியும் கிளிப்பும், கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஷீல்டு வயர். வெளியே, ஒரு ஸ்டீரியோ பிளக் ரெண்டு மோனோ பிளக்கா பிரியற இன்சர்ட் கேபிள்.

ஐசியும் பேட்டரியும் பஃபருக்கு, அதாவது சிக்னலைப் பலமாக்கி 25கே பாட்டோட சுமை பிக்கப் மேல விழாம தடுக்கிற சர்க்யூட்டுக்கு. அது இப்படி: 9 வோல்ட்டை ரெண்டு 100கே ரெசிஸ்டரால பாதியாப் பிரிச்சு, நடுப்புள்ளியிலேர்ந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட். ஐசியோட பாசிட்டிவ் இன்புட்டுக்கு அந்த நடுப்புள்ளியிலேர்ந்து ஒரு ரெசிஸ்டர். கிட்டார் சிக்னல் 0.1 மைக்ரோஃபாரட் வழியா அதே இன்புட்டுக்கு வரும். நெகட்டிவ் இன்புட்டை அவுட்புட்டோட சேர்த்துடுங்க. அவுட்புட்ல 10 மைக்ரோஃபாரட், அதுக்கு அப்புறம் கிரவுண்டுக்கு 100கே. இந்தக் கடைசி 100கே இல்லன்னா ஒவ்வொரு தடவை சுவிட்சை இழுக்கும்போதும் 'டப்'னு கேட்கும்.

இன்புட் ரெசிஸ்டருக்கு எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு 1 மெக் போடுவாங்க. இங்கே அது வேண்டாம். ஸ்ட்ராட்ல இதுவரை பிக்கப் மேல 250கே வால்யூம் பாட்டோட சுமை இருந்தது. அந்தப் பாட் இப்ப போயிடுச்சு. 1 மெக் போட்டா சிங்கிள் காயில் இன்னும் கூர்மையாகும், ஏற்கெனவே காதைக் கிழிக்குதுன்னு சொல்றீங்க. 270கே போடுங்க, பழைய சுமை திரும்ப வந்துடும்.

சுவிட்சுக்கு ரெண்டு வரிசை, வரிசைக்கு மூணு கால். முதல் வரிசை நடுக்கால்ல பஃபர் அவுட்புட், ரெண்டாவது வரிசை நடுக்கால்ல 25கே பாட்டோட மேல்கால். ஒரு பக்கத்துக் கால்கள்ல லூப் ஜாக்கோட டிப், ரிங் (டிப்னா பிளக்கோட நுனி, அதுல சிக்னல் போறது; ரிங்னா நடு வளையம், அதுல வர்றது). எதிர்ப்பக்கத்து ரெண்டு கால்களையும் ஒரு துண்டு வயரால சேர்த்துடுங்க. ஒரு நிலையில சிக்னல் பெடலைச் சுத்தி வரும், மறு நிலையில நேரா வால்யூமுக்குப் போகும். பாட்டோட நடுக்கால்லேர்ந்து ஆம்ப் ஜாக்.

பேட்டரியை அணைக்க, ஆம்ப் ஜாக்கோட ரிங்கில பேட்டரி நெகட்டிவைக் கட்டுங்க. மோனோ பிளக் செருகினா ரிங்கும் கிரவுண்டும் ஒட்டி பேட்டரி ஓடும், பிடுங்கினா நிக்கும். அதுக்காகத்தான் ஆம்ப் பக்கமும் ஸ்டீரியோ ஜாக் கேட்டேன். இதை லூப் ஜாக்ல கட்டிடாதீங்க, அங்கே ரிங்ல திரும்பி வர்ற சிக்னல் இருக்கு.

கெட்டுப்போற இடங்கள். லூப் சுவிட்ச் ஆன்ல இருந்து கேபிள் செருகலன்னா மொத்தமா சத்தமே வராது, பயந்துட வேண்டாம். ஆம்ப் ஓடிக்கிட்டிருக்கும்போது லூப் பிளக்கைச் செருகினா பாதி வழியில டிப்பும் ரிங்கும் தொட்டுக் 'கீச்'னு கத்தும், முதல்ல வால்யூமை அணைங்க. கெய்ன் அதிகமுள்ள ஃபஸ் பெடலை (சத்தத்தைக் கரகரப்பாக்குறது) லூப்ல வச்சா ஒரே கேபிளுக்குள்ள போற சிக்னலும் வர்ற சிக்னலும் ஒண்ணையொண்ணு பிடிச்சு ஊளையிடும், கேபிளைச் சின்னதாக்கினா பெரும்பாலும் அடங்கும். ஹம் வந்தா பெடல்போர்டு பவர் சப்ளைதான் முதல் சந்தேகம், ஏன்னா கிரவுண்டு இப்ப ரெண்டு வழியா ஓடுது. தனித்தனியா பிரிச்ச அவுட்புட் உள்ள சப்ளை போடுங்க. ஆம்ப் பிளக்கோட எர்த் பின்னை மட்டும் ஒருநாளும் பிடுங்காதீங்க, ஹம் போகும், கூடவே உயிரும் போகலாம்.

பிரிட்ஜ் பிக்கப் கிழிக்கிறதுக்குத் தனிக் காரணம். வழக்கமான ஸ்ட்ராட் வயரிங்ல பிரிட்ஜுக்கு டோன் பாட்டே கிடையாது. செலக்டர் சுவிட்ச்ல ரெண்டாவது டோன் போற காலோட பிரிட்ஜ் காலையும் ஒரு துண்டு வயரால சேர்த்துடுங்க. அப்புறம் டோனை 6, 7-ல வச்சு வாசிச்சுப் பாருங்க.

---

பழையநாடா எழுதியது:

ஒரு திருத்தம். கார்னெலில் ஒலிப்பது உல்ஃப் அல்ல. 1977-ன் அந்தப் பகுதியில் அவர் கையில் இருந்தது ட்ராவிஸ் பீன் நிறுவனத்தின் டிபி500 கிட்டார். கழுத்து அலுமினியம், பிக்கப் மூன்றும் சிங்கிள் காயில். 1976-ல் வாசித்த டிபி1000 ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வகை. ஆகவே ஆறுதந்தியிடம் இருக்கும் ஸ்ட்ராட் இந்தச் சத்தத்துக்கு நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. அலுமினியக் கழுத்தின் அந்தக் கண்ணாடி போன்ற கூர்மை மட்டும் மரத்தில் வராது.

காதைப் பழக்கக் கிட்டார் வாரியாகப் பிரித்துக் கேட்பது நல்லது.

1972-ஐ ஸ்ட்ராட்டின் ஆண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் கிரஹாம் நாஷ் கொடுத்த, முதலை ஸ்டிக்கர் ஒட்டிய அந்த 'அலிகேட்டர்'. ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவில் 22 கச்சேரிகள், அத்தனையும் அதிகாரபூர்வமாக வெளிவந்துவிட்டன. ஆகஸ்ட் 27 அன்று ஓரிகான் மாநிலத்தின் வெனீட்டாவில், ஸ்ப்ரிங்ஃபீல்டு க்ரீமரி என்ற பால்பண்ணைக்காக நடத்திய நிதிக் கச்சேரி இன்னும் ஒரு படி மேல். உங்கள் கிட்டார் ஸ்ட்ராட் என்பதால் கார்னெலுக்கு முன்னால் வெனீட்டாவைக் கேளுங்கள் என்பேன். எஃபெக்ட் பூச்சு அதிகம் இல்லை, விரலும் பிக்கும் என்ன செய்கின்றன என்பது நேராகக் கேட்கும்.

1973-ல் டக் இர்வின் செய்த உல்ஃப் வருகிறது. 1974 முழுக்க அது 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற குழுவின் பிரம்மாண்ட ஒலியமைப்பு வழியாகப் போகிறது. மார்ச் 23 அன்று டேலி சிட்டியின் கவ் பேலஸில் அந்த ஒலியமைப்பு முழு உருவில் மேடையேறியது. சுமார் 75 டன் எடை. பாடகர்களுக்குப் பின்னாலேயே மொத்த ஸ்பீக்கர் சுவரும் நின்றதால், குரலுக்கு ஆளுக்கு இரண்டு மைக் வைத்து ஒன்றை எதிர்க்கட்டத்தில் (ஒலி அலை தலைகீழாக வரும்படி) இணைத்தார்கள். பாடுவது மேல் மைக்கில் மட்டும். இரண்டிலும் ஒரே மாதிரி விழும் ஸ்பீக்கர் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், குரல் மட்டும் மிஞ்சும். அந்த ஆண்டின் பதிவுகளில் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்பதற்குக் காரணம் இதுதான், உங்கள் ஹெட்ஃபோனில் கோளாறு இல்லை. அக்டோபர் 16 முதல் 20 வரை சான் ஃபிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவுகள், அதோடு அந்தச் சுவர் ஓய்ந்தது. சுத்தமான கிட்டார் சத்தம் என்றால் என்ன என்பதற்கு என் அளவுகோல் 1974 தான், 77 இல்லை. இதில் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

1979 ஆகஸ்ட் 4, ஓக்லண்ட் ஆடிட்டோரியத்தில் டைகர் முதல்முறை. ஆறு கிலோவுக்கு மேல் எடை, பத்து ஆண்டுக்கு மேல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். 1990-ல் ரோஸ்பட் என்ற அடுத்த கிட்டார். மிடி வசதி (கிட்டார் சுரத்தால் சிந்தசைசரை இயக்குவது) வந்ததால் புல்லாங்குழல், ட்ரம்பெட் சத்தங்கள் கிட்டாரிலிருந்து வரும், அதைப் பிடிக்காதவர்களும் உண்டு. ஆனால் 1990 மார்ச் 29 நாசாவ் கொலிசியத்தில் பிரான்ஃபோர்டு மார்சலிஸ் சாக்ஸஃபோனோடு வந்து உட்கார்ந்த 'ஐஸ் ஆஃப் த வேர்ல்டு' கேட்ட பிறகு யாரும் அந்த ஆண்டைக் குறை சொல்வதில்லை. கடைசிக் கச்சேரி 1995 ஜூலை 9, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு. ரோஸ்பட் தகராறு செய்ய, பழைய டைகரையே எடுத்து முடித்தார். சரியாக ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 9-ல் போய்விட்டார்.

பதிவின் வகையையும் பாருங்கள். போர்டு பதிவு என்பது மிக்சரிலிருந்து நேராக எடுத்தது. கிட்டார் வரி ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும், ஆனால் அறையின் காற்று இருக்காது. ஆடியன்ஸ் பதிவு என்பது கூட்டத்தில் மைக் நட்டு எடுத்தது. 1984 அக்டோபரில் பெர்க்லியில் இப்படிப் பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்க ஆரம்பித்தார்கள். இரண்டையும் நேரம் ஒட்டிக் கலந்தால் அது மேட்ரிக்ஸ். டோனைப் படிக்க போர்டு, ஆம்ப் அறையில் எப்படி நிறைகிறது என்று பார்க்க ஆடியன்ஸ். 77-ன் புகழுக்குப் பாதிக் காரணம் பெட்டி கேன்டர்-ஜாக்சனின் பதிவுக் கை. அவர் எடுத்தவற்றை 'பெட்டி போர்டு' என்றே தனியாகச் சொல்வார்கள். கார்னெல் அதில் ஒன்று. 2017-ல் முறையாக வெளிவந்தது. இணைய ஆவணக்காப்பகத்தில் 2005 இறுதியிலிருந்து போர்டு பதிவுகளைக் கேட்க மட்டும்தான் முடியும், ஆடியன்ஸ் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம்.

பல போர்டு பதிவுகளில் கார்சியாவும் குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்ட் பாப் வியரும் இடமும் வலமுமாகப் பிரிந்திருப்பார்கள். ஒரு பக்க ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், கார்சியா மட்டும் மிஞ்சுவார். பிறகு மறுபக்கம் மட்டும் கேளுங்கள். வியர் எங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பதிலிருந்தும் நிறைய கற்கலாம்.

---

ஆறுதந்தி எழுதியது:

டிபி500 தகவலுக்கு நன்றி, வெனீட்டாவிலிருந்து தொடங்குகிறேன். ஈயப்புகை, பேட்டரிக்காகக் கிட்டார் மரத்தைக் குடைய மனம் வரவில்லை. பஃபர் இல்லாமல் லூப் மட்டும் போட்டால் என்ன ஆகும்?

---

ஈயப்புகை எழுதியது:

போடலாம், ஒரு நிபந்தனை. லூப் எப்பவும் ஆன்லயே இருக்கணும். ஆன்ல இருக்கும்போது பிக்கப் முதல் பெடல் வரைக்கும் சாதாரண கேபிள் மாதிரிதான் ஓடுது, திரும்பி வர்றது பெடலோட பலமான அவுட்புட், அதனால 25கே பாட்டை அது தாங்கும். லூப்பை அணைச்சீங்கன்னா பிக்கப் நேரா 25கே மேல போய் விழும். உயர்ஸ்தாயி மொத்தமாச் செத்து, போர்வைக்குள்ள வாசிக்கிற மாதிரி ஆயிடும். அதனால சுவிட்சே வைக்காதீங்க. லூப்ல கடைசிப் பெடல், அணைச்சாலும் பஃபரா வேலை செய்யற வகையா இருக்கணும். எல்லாமே ட்ரூ பைபாஸா (அணைச்சா சிக்னல் வெறும் வயர் வழியா நேரா போற வகை) இருந்தா, எல்லாத்தையும் அணைக்கும்போது இதே கதி.

கிட்டாரைத் திறக்கவே வேண்டாம்னா இன்னொரு வழி இருக்கு. கிட்டார் வால்யூம் 10-லயே கிடக்கட்டும், பெடல்களுக்கு அப்புறம் கடைசியா ஒரு வால்யூம் பெடல் போடுங்க, 25கே வகை. மின்சாரத்தைப் பொறுத்தவரை இதுவும் ஓபெல்லும் ஒண்ணுதான், சுண்டுவிரல் செய்யற வேலையைக் கால் செய்யும். முதல்ல இதைச் செஞ்சு பார்த்துட்டு, பிடிச்சா சாலிடரிங் அயர்னை எடுங்க.

ஃபில்டர் செட்டிங்: டிரைவ் மேல்நோக்கி, மோடு பேண்ட்பாஸ், பீக் நடுவில். கெய்னை அடியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. மெதுவா தட்டினா இருட்டா, அழுத்தித் தட்டினா 'வ்வாவ்'னு திறக்கணும். அந்த இடத்துல நிறுத்துங்க. கம்ப்ரசர் இருந்தா ஃபில்டருக்குப் பின்னாடி வைங்க. முன்னாடி வச்சா அது மெதுவானதையும் பலமானதையும் ஒண்ணாக்கிடும், ஃபில்டருக்கு வித்தியாசமே தெரியாது.

---

இரண்டாம்செட் எழுதியது:

வயரிங் எல்லாம் சரி, ஆனால் ஆம்ப்பையும் கையையும் விட்டுவிட்டீர்கள்.

கார்சியாவின் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் முழு ஆம்ப்பாக வேலை செய்யவில்லை. அதன் ப்ரீஆம்ப் பகுதியிலிருந்து (டோனை அமைக்கும் முதல் நிலை) சிக்னலை எடுத்து மெக்கின்டாஷ் எம்சி2300 பவர் ஆம்ப்புக்கு அனுப்பினார், அது சேனலுக்கு 300 வாட். அங்கிருந்து ஜேபிஎல் 12 அங்குல ஸ்பீக்கர்கள். இவ்வளவு வாட் எதற்கு? வெறும் இரைச்சலுக்காக இல்லை. பலமாகத் தட்டிய சுரம்கூட நசுங்காமல் வெளியே வர வேண்டும், அதற்கு. சின்ன ட்யூப் ஆம்ப்பை 5-க்கு மேல் ஏற்றினால் அது தட்டலின் முனையை மழுக்கிவிடும், சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே வால்யூம் 3-ஐத் தாண்ட வேண்டாம். ப்ரைட் சுவிட்ச் இருந்தால் அணையுங்கள். பேஸ் 4, மிடில் 7, ட்ரெபிள் 5-லிருந்து தொடங்கிக் காதுக்குத் தக்கபடி மாற்றுங்கள். மிடில்தான் அந்தச் சத்தத்தின் சதை, அதைக் குறைத்துவிட்டு 'மெலிசாக இருக்கிறது' என்று புலம்புகிறவர்கள் அதிகம். பிக்கப்பையும் கொஞ்சம் இறக்குங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே தடித்த தந்தியில் 2.5 மி.மீ., மெல்லிய தந்தியில் 2 மி.மீ. இருக்கட்டும்.

தந்தி 10-46 செட். பிக் 2 மி.மீ. தடிமன், வளையவே கூடாது. மெல்லிய பிக் வளைந்து திரும்பும் நேரத்தில் சுரத்தின் தொடக்கம் கலங்கிவிடுகிறது.

கைக்கு வருவோம். 60-களின் தொடக்கத்தில் அவர் ப்ளூகிராஸ் பேன்ஜோக்காரர். பேன்ஜோவில் சுரம் நீளாது, அதனால் ஒவ்வொன்றையும் தனியே தட்டி எழுப்ப வேண்டும். வலதுகை நடுவிரலின் பெரும்பகுதி நாலு வயதிலேயே விறகு வெட்டும் விபத்தில் போய்விட்டது. கிட்டாருக்கு வந்த பிறகும் அந்தப் பேன்ஜோ புத்தி விடவில்லை. மற்ற ராக் கிட்டாரிஸ்டுகள் இடக்கையால் வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் இவர் பெரும்பாலும் எல்லா சுரத்தையும் பிக்கால் தட்டுவார். நீங்கள் கேட்ட 'தனித்தனியாக விழுவது' பாதிக்கு மேல் இதுதான். இந்தப் பழக்கம் வராமல் எந்த பெடல் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

ஸ்கேல் ஒப்பிப்பது போல வருவதற்கு மருந்து: 'ஃபயர் ஆன் த மவுன்டன்' முழுக்க B, A இரண்டே கார்டு. ஸ்கேல் B மிக்ஸோலிடியன், நம் கணக்கில் B-யை ஷட்ஜமாக வைத்த ஹரிகாம்போஜி. எல்லோரும் ஏழு சுரத்தையும் மேலும் கீழும் ஓட்டுகிறார்கள், கார்டு மாறியது யாருக்கும் கேட்பதில்லை. கார்சியா வாசிக்கும்போது பின்னணி வாத்தியங்களை நிறுத்திவிட்டாலும் கார்டு மாறுவது கேட்கும். அதைப் பழக, முதலில் B கார்டில் B, D ஷார்ப், F ஷார்ப் மட்டும், A கார்டில் A, C ஷார்ப், E மட்டும். கார்டு மாறும் தட்டில் D ஷார்ப்பிலிருந்து E-க்குப் போங்கள், அதாவது அந்தர காந்தாரத்திலிருந்து சுத்த மத்திமம். அரை சுர நகர்வுதான், ஆனால் காதுக்குக் கதவு திறந்தது போலிருக்கும். திரும்பும்போது E-யிலிருந்து D ஷார்ப். இது கைக்கு வந்த பிறகு மிச்ச சுரங்களைச் சேருங்கள். கடைசியாக அந்நிய சுரம்: D ஷார்ப்பில் இறங்குவதற்கு முன்னால் D-யை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போவது. கார்சியா இதை ஓயாமல் செய்வார். அந்நிய சுரத்தில் நின்றுவிட்டால் பிழையாகக் கேட்கும், தாண்டிப் போனால் அழகு.

சுருதிப்பெட்டி போல நிற்கும் வெறும் ட்ரோன் வைத்தோ, இணையத்தில் கிடைக்கும் பேக்கிங் ட்ராக் வைத்தோ இதை ரொம்ப நாள் பழகாதீர்கள். குழுவின் ஃபில் லெஷ் பேஸ் கிட்டாரில் ஒரே இடத்தில் உட்கார மாட்டார், எதிர்வரி வாசித்துக்கொண்டே இருப்பார். கார்சியாவின் பாதி வாக்கியங்கள் அதற்குப் பதில். அசையாத பேஸுக்கு மேல் அதே வாக்கியத்தை வாசித்தால் பொருளில்லாமல் தொங்கும். போர்டு பதிவை ஓடவிட்டு, லெஷ் வாசித்த வரியைக் கிட்டாரில் பதில் சொல்லிப் பழகுவது மேல்.

தாளத்தில் தடுமாறினால் கொன்னக்கோல் கைகொடுக்கும். குழுவின் 'தி இலெவன்' பாடல் தகிட தகிட தகிட தக. 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' பாடல் ஏழு தட்டு. அதன் சுற்று எங்கே முடிகிறது என்பது பிடிபடாமல் சோலோவுக்குள் போனால் இரண்டே வரியில் கீழே விழுவீர்கள்.

---

ஆறுதந்தி எழுதியது:

B, A பயிற்சியைப் பதிவோடு சேர்த்து வாசிக்கப் பார்த்தால் ட்யூனர் சரியாகக் காட்டியும் சுருதி சேரவில்லை. எல்லாப் பதிவிலும் இல்லை, ஆடியன்ஸ் பதிவு ஒன்றில் மட்டும்.

---

பழையநாடா எழுதியது:

கிட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம், நாடாவின் வேகம். காசெட்டிலிருந்து காசெட்டுக்கு நகல் எடுக்கும்போது இரண்டு டெக்கின் மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடாது, அந்த வித்தியாசம் தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போகும். வேகம் 3 சதவீதம் கூடினால் சுருதி ஏறத்தாழ கால் சுரம், அதாவது B-க்கும் C-க்கும் நடுவில் போய் நிற்கும். 6 சதவீதம் என்றால் முழு அரை சுரம்.

பதிவின் விவரக் கோப்பில் வேகம் திருத்தப்பட்டதா என்று எழுதியிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால், கார்டு நீளமாக நிற்கிற ஓரிடத்தில் பேஸின் B எங்கே விழுகிறது என்று ட்யூனரில் அளந்து, ஆடியோ எடிட்டரில் 'ஸ்பீடு' மாற்றத்தால் சரிசெய்யுங்கள். 'பிட்ச்' மாற்றம் வேண்டாம், அது சுருதியை மட்டும் திருத்திவிட்டு வேகத்தைத் தப்பாகவே விட்டுவிடும், சுரத்தின் முனையும் கலங்கும். பாதிக் கச்சேரி வரை சரியாக இருந்து பிறகு விலகினால், நாடாவைத் திருப்பிப் போட்ட இடத்தில் வேறொரு பதிவிலிருந்து ஒட்டுப் போட்டிருப்பார்கள். அந்த இடத்திலிருந்து தனியாக அளந்து தனியாகத் திருத்த வேண்டும்.

கார்னெலுக்கு இந்தப் பாடு தேவையில்லை, 2017 வெளியீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.